ராசாத்திக்குப் பின் சீட் இல்லை

அக்டோபர் 4, சனி

காலையில் மூடுபனி, அப்புறம் நல்ல வெயில். துணி துவைக்க நினைத்தது, துவைக்கவில்லை. கோயில்.

ஆயுத பூஜை புதன்கிழமையே முடிந்துவிட்டது. ஆனால் இந்த அமெரிக்க ஊரில் சாமிக்கும் சனிக்கிழமைதான் லீவு. கோயில் பார்க்கிங்கில் வண்டி பூஜைக்கு நீண்ட வரிசை. எங்கள் முறை வரும்வரை செந்தில் அண்ணா புது எலெக்ட்ரிக் செடானைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருப்பது. ஆபீசிலும் அவர் எனக்கு சீனியர். வண்டி எங்கள் கம்பெனி வண்டி. அதன் பிரேக் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருள் அவர் எழுதியது. அவருக்கு அது வாங்கின வண்டி இல்லை, பெற்ற வண்டி.

அர்ச்சகர் தாராளமான மனிதர். ஹூட்டில் ஸ்வஸ்திக், கதவுகளில் குங்குமம், கண்ணாடியில் சந்தனம். கடைசியில் முன் கேமராவுக்கும் பின் கேமராவுக்கும் ஆளுக்கொரு பொட்டு. வண்டி உடனே மணி அடித்து, பார்வை மறைந்துவிட்டது, உதவி வசதி எதுவும் வேலை செய்யாது என்று திரையில் எழுதிக் காட்டியது.

"என்ன சாமி, கேமராவையே அடைச்சுட்டீங்க!"

"கண்ணுக்குத்தான் சார் முதல்ல திருஷ்டி படும். எடுங்கோ, பழத்து மேல ஏத்துங்கோ. பின்னாடி க்யூ நிக்கறது."

அண்ணா வேட்டி முனையால் பொட்டைத் துடைத்தார். அவர் மனைவி நித்யா அக்கா, மெட்ராஸ்காரர், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "நீங்களே பண்ண வண்டி, ஒரு பொட்டு வெச்சா படுத்துக்குது. சான்ஸே இல்ல." வண்டி சத்தமில்லாமல் நகர்ந்ததில் பக்கத்தில் நின்ற மாமி ஒருவர் "ஐயோ" என்று குதித்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை மட்டும்தான் சத்தம் போட்டது.

திரும்பும்போது பின் சீட்டில் நான், நடுவில் குழந்தை இனியா, அந்தப் பக்கம் பெரியம்மா. அண்ணாவின் அம்மா. கோபியிலிருந்து ஆகஸ்டில் வந்தவர், ஆறு மாதம் இருப்பதாக. முதல் நாள் ஆன்ட்டி என்றேன். "ஆன்ட்டியாம் ஆன்ட்டி. கரூர்ப் புள்ளதான நீ? பெரியம்மான்னு கூப்புடு."

குறித்துக்கொண்டது: ஏறியதும் ஒரு காலை மடித்து சீட் மேல் வைத்துக்கொண்டார். எலெக்ட்ரிக் வண்டியில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பின் சீட்டில் தரை உயரம், முட்டி தூக்கிக்கொள்ளும். காரணம் அதுதான். வியாழக்கிழமை ஆபீஸ் ரிவ்யூவில் சொல்லலாம். (சொல்வேனா?)

கோயில் எலுமிச்சை ஒன்று அவர் கையில். வீடு வரும்வரை கண்ணை மூடி அதை மூக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அப்படி ஒரு பக்தி எனக்கு வராது.

"எப்படிம்மா இருக்குது வண்டி?" என்று அண்ணா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"பொம்மையாட்டப் போவுது கண்ணு."

கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

வெயில். துணி துவைத்தாயிற்று. ஒரு சாக்ஸ் காணவில்லை, இந்த மாதத்தில் இரண்டாவது.

அப்பாவோடு போன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்பா."

"அந்தக் காரு கம்பெனில நீ என்னதான் செய்யற? பக்கத்து வீட்ல கேக்கறாங்க."

"பின்னாடி சீட்ல உக்காந்து போவேம்பா."

"அதுக்கா அத்தன படிப்பு?" சிரிப்பு. எனக்கும்.

சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சோதனை ஓட்டங்களில் பின் சீட்டில் உட்கார்ந்து ஆட்டம், இரைச்சல், பிரேக் எல்லாவற்றுக்கும் மார்க் போடும் வேலை. ஓடுகிற வண்டியில் குனிந்து எழுதினால் மற்றவர்களுக்குத் தலை சுற்றுமாம். எனக்கு ஒன்றும் செய்யாது. டவுன் பஸ்ஸில் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பரீட்சைக்குப் படித்த உடம்பு. அதைப் பார்த்துத்தான் மேனேஜர் டேவ் என்னை இதற்குப் போட்டார். பேச வேண்டாம், எழுதினால் போதும். எனக்கும் பிடித்த வேலை. வீட்டில் முதலில் காலேஜ் போனவள், முதலில் விமானம் ஏறியவள். எல்லாம் ஏறியும் உட்காருவது பின்னால்தான், அதுவே வசதி.

சாயங்காலம் அண்ணா குடும்பம் ஐஸ்கிரீமுக்குக் கிளம்பியது. பெரியம்மா வரவில்லை. முட்டி வலி.

இனியா ஷூ மாட்டிக்கொண்டே: "பாட்டி நெவர் கம்ஸ் வித் அஸ்."

"தமிழ்ல சொல்லுடி."

"ஷீ அண்டர்ஸ்டாண்ட்ஸ், அம்மா."

பெரியம்மாவுக்குப் புரிந்துதான் இருந்தது. ஜன்னலில் நின்று கார் போகிறவரை கை ஆட்டினார். கார் மறைந்த பிறகு வாசலுக்கு வந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார், நல்ல வேகமாக. முட்டி வலி?

அக்டோபர் 6, திங்கள்

மேகம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனது தப்பு.

ஆபீசில் எல்லோர் வாயிலும் வியாழக்கிழமை. தலைமையகத்திலிருந்து வைஸ் பிரசிடென்ட் வருகிறார். கேள்வி ஒன்றுதான்: கம்பெனி இரண்டு சீட் எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்வதா, வேண்டாமா. அதை விற்று சம்பாதிப்பதற்கில்லை. ஹேலோ கார் என்கிறார்கள். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்கிற ஒளிவட்டம் மாதிரி. அதைப் பார்க்க ஷோரூமுக்கு வருகிறவர், போகும்போது செடான் வாங்கிக்கொண்டு போவார் என்று நம்பிக்கை.

அந்தக் காருக்கு ஆபீசில் ஏதோ கோட் நம்பர். அண்ணா வைத்த பெயர் ராசாத்தி. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். கீழ்த்தளத்தில் அதன் முழு அளவு மாடல் நிற்கிறது, சிவப்பு. தினமும் மதியம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார், குழந்தையை கிரெஷ்ஷில் விட்டவர் மாதிரி.

சாப்பாட்டு மேஜை.

"எலெக்ட்ரிக் வண்டிக்கு இருந்த வரிச்சலுகை போன மாசத்தோட போச்சு. செடானே நகர மாட்டேங்குது, இதுல பொம்மை கார் வேற." பேட்டரி டீம் ரவி.

"அமெரிக்காக்காரன் ஸ்போர்ட்ஸ் கார் பண்ணலன்னா அப்புறம் என்ன கார் கம்பெனி? வாஷிங் மெஷின் கம்பெனி." அண்ணா.

"அட, இப்ப வர்ற எலெக்ட்ரிக் செடான் ஒவ்வொண்ணும் சிக்னல்ல பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓரங்கட்டுது. பால் வாங்கப் போற வண்டிக்கே அந்த வேகம். அப்புறம் ஹேலோவுக்கு என்ன மிச்சம்?"

"வேகத்த யாரு கேட்டா? ஆசை ரவி, ஆசை. எந்தப் பையன் செடான் படத்த ரூம்ல ஒட்டுறான், சொல்லு?"

ரவி டப்பாவை மூடினான். என் டப்பாவில் இன்னும் தயிர் சாதம் இருந்தது.

பிரேக் பற்றியும் எழுதி வைக்கிறேன், வியாழனுக்கு உதவும். எலெக்ட்ரிக் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும், அந்த விசையில் பேட்டரியும் சார்ஜ் ஆகும். ராசாத்திக்காக அண்ணா அந்தப் பிடியை இறுக்கினார். காலைத் தூக்கினால் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி நிற்கும். ஓட்டுகிறவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் வண்டிகளுக்கெல்லாம் ஒரே குணம் இருக்கட்டும் என்று, போன அப்டேட்டில் செடானுக்கும் அதையே கொடுத்து, பழைய மெதுவான பிடியை எடுத்துவிட்டார்கள். ராசாத்தி பிறப்பதற்கு முன்பே அவள் குணம் செடானுக்கு வந்துவிட்டது. பின் சீட் மார்க்: பத்துக்கு எட்டு. போட்டது நான்.

எனக்கு இந்த விஷயத்தில் என்ன அபிப்பிராயம்? யாரும் கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் பட்டறை ஞாபகம் வருகிறது. பஸ் பாடி கட்டும் பட்டறை, அப்பா பெயிண்டர். ஒரு வருஷம் முதலாளி ஒரு ஷோ பஸ் கட்டினார். இரண்டு பக்கமும் மயில், உள்ளே வெல்வெட் சீட், கலர் கலராக லைட். பஸ் ஸ்டாண்டில் அதைச் சுற்றிக் கூட்டம். அம்மா என்னை அதற்காகவே கூட்டிப்போனாள். "நம்மப்பா வரைஞ்ச மயிலு." அதைப் பார்க்க வந்த பஸ் ஓனர்கள்தான் பட்டறைக்குள் வந்து சாதா டவுன் பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஆக அண்ணா சொல்வது சரிதான். ரவி சொல்வதும். இப்படித்தான் எனக்கு எப்போதும்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் குளிர். ஸ்வெட்டர் எடுத்தேன்.

ஆபீஸ் போகும் வழியில் அண்ணா திடீரென்று: "அம்மா டிக்கெட்ட மாத்தச் சொல்றாங்க செல்வி. தீபாவளிக்கு முன்னாடியே போவோணுமாம்."

அவரே தொடர்ந்தார்.

"நித்யா எதாச்சும் சொன்னாளான்னு கேட்டேன். அதுக்கு இவ கோவிச்சுக்கிட்டா. அம்மாவ கேட்டா முட்டி வலிங்கறாங்க. டாக்டர்ட்ட போலாம்னா வர மாட்டேங்கறாங்க. எதுக்குமே கார்ல ஏற மாட்டேங்கறாங்க. இத்தன வருஷம் கழிச்சு முதல் தடவையா இங்க தீபாவளி. எனக்கு என்னன்னே தெரியல."

சிக்னலில் காலைத் தூக்கினார். வண்டி நின்றது, கயிறு கட்டின மாதிரி.

சாயங்காலம் சமையலறை. பெரியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். ஜன்னல் ஓரத்தில் எலுமிச்சைகள், பக்கத்து வீட்டு மரத்துப் பழங்கள், கொஞ்சம் வாடியவை. எல்லாவற்றின் தோலிலும் நகக்கீறல். சனிக்கிழமைக் கோயில் பழத்திலும்.

"பிரசாதத்த யாராச்சும் கீறுவாங்களா பெரியம்மா?"

"பெரசாதமா? அட நீ வேற. இந்த ஊருப் பழத்துக்கு வாசமே இல்ல. நகத்துல கீறுனாத்தான் சித்த மூக்குக்கு எட்டுது."

"எதுக்குங்க?"

கதவுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

"வாந்தி வருது சாமி. அந்தக் கார்ல ஏறுனா. போவுது, நிக்குது. போவுது, நிக்குது. கொடல் முன்னாடி போயிருது, நான் பின்னால வாரேன். பழத்தப் புடிச்சுக்கிட்டு ஊடு வந்து சேர்றதுக்குள்ள எந்நேரம் ஆவும்னு இருக்குது."

அப்படியானால் சனிக்கிழமை பார்த்தது பக்தி இல்லை.

"அண்ணாகிட்ட சொல்லலீங்களா?"

"என்னன்னு சொல்லுவேன்? நீ செஞ்ச காரு எனக்கு ஆவுலன்னா? பொறந்த கொழந்தைய மடில வாங்கிட்டு மூக்கு சப்பைங்கறதா? அவன் கண்ணாடில என்ற மூஞ்சியவே பாத்துட்டு ஓட்டறான். எப்படிம்மா இருக்குது, எப்படிம்மா இருக்குதுன்னு."

"முன் சீட்ல உக்காந்து பாக்கலாங்களே?"

"பாத்தனே. ரோடு நெஞ்சு மேல ஏறி வருது. அதுக்கு இதே தேவுல."

"அதுக்காகவா டிக்கெட்ட...?"

"கடைக்கும் அந்தக் காரு, கோயிலுக்கும் அந்தக் காரு. நாலு செவுத்துக்குள்ள முட்டி வலி, முட்டி வலின்னு எத்தன தடவ பொய் சொல்றது? எம்மேல சத்தியம், நீ சொல்லிராத. அவனுக்கு மனசு ஆறாது."

"சொல்லமாட்டேங்க."

கேட்காமல் இருக்க முடியவில்லை: "அப்ப அன்னைக்குக் கால மடிச்சு உக்காந்தது?"

"அது எங்கயும் அப்படித்தான். சினிமாக் கொட்டாயிலயே அப்படித்தான் உக்காருவேன்."

சனிக்கிழமைக் குறிப்பை அடித்துவிட்டேன். தரை உயரமாம். பெரிய கண்டுபிடிப்பு.

எழுந்தபோது ஒரு பழத்தை என் பையில் போட்டார். "நீயுந்தான் தெனமும் பின்னாடி உக்காந்து போற. வச்சுக்க."

"எனக்கெல்லாம் வராதுங்க பெரியம்மா."

"வந்தாத்தான கண்ணு தெரியும்."

வெங்காயத்தைப் பற்றிச் சொல்வது போல்தான் சொன்னார். ஆனால் நான் மாடிக்குப் போய் என் மார்க் ஷீட்டைத் திறந்தேன். பத்துக்கு எட்டு. வாந்தியே வராத ஒருத்தியைத் தேடிப் பிடித்துப் பின் சீட்டில் உட்காரவைத்து, வாந்தி வருகிறதா என்று கேட்டிருக்கிறோம். டேவுக்கும் தோன்றவில்லை, அண்ணாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சொல்லக்கூடாது. சொல்லாமலும் இருக்கக்கூடாது.

அக்டோபர் 8, புதன்

மூடுபனி, அப்புறம் வெயில். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அண்ணாவின் மேஜைக்குப் போனேன். வழக்கமாக மெசேஜ்தான் அனுப்புவேன்.

"அண்ணா, நாளைக்கு ரிவ்யூல என் மார்க்தான் போகுது. அந்த மார்க்குக்கு அர்த்தம் இல்லைங்க. எனக்கு எந்த வண்டியிலயும் ஒண்ணும் பண்ணாது. இன்னொருத்தர் உக்காந்து பாக்கணும்."

"யாரு?"

"நீங்க."

சிரித்தார். "நானா? ட்யூன் பண்ணதே நான்தான்."

"பின்னாடி உக்காந்திருக்கீங்களா அண்ணா? ஒரு தடவையாச்சும்?"

யோசித்தார். "அட, ஆமா. இல்ல."

டெஸ்ட் வண்டி. நான் டிரைவர் சீட்டில், அவர் பின்னால் மடியில் லேப்டாப்போடு. நான் ஓட்டுவது எப்போதும் பயந்து பயந்து. இன்று அப்படி ஓட்டவில்லை. அவர் ஓட்டுவது போல் ஓட்டினேன். எத்தனையோ நாள் பின்னால் உட்கார்ந்து பார்த்தது, எந்த வளைவில் காலைத் தூக்குவார், எங்கே மறுபடி அழுத்துவார், எல்லாம் என் உடம்புக்குத் தெரியும். க்ரோ கேன்யன் ரோடு, மலைக்குள் வளைந்து வளைந்து போகிற பாதை.

முதலில் பேசிக்கொண்டு வந்தார். "பரவால்லயே, நல்லா ஓட்டற." அப்புறம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அப்புறம் ஜன்னல் இறங்கியது. அப்புறம்:

"செல்வி. ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன். இறங்கி, காய்ந்த புல்லைப் பார்த்தபடி முழங்காலில் கை ஊன்றி நின்றார். முகமெல்லாம் வேர்வை. வாந்தி வரவில்லை, ஆனால் வந்திருக்கலாம். எனக்குப் பாவமாக இருந்தது. தண்ணீர் தேடிப் பைக்குள் கையை விட்டேன். தண்ணீர் இல்லை. எலுமிச்சை இருந்தது. யோசிக்காமல் அதை நீட்டிவிட்டேன்.

வாங்கி மூக்கில் வைத்தார். பிறகு எடுத்துப் பார்த்தார். தோலில் பிறை பிறையாய் நகக்கீறல்கள்.

ரொம்ப நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திம்பம் மலை ஏறறப்ப," என்றார், "பஸ்ஸுல அம்மா இப்படித்தான் கீறிக் கீறி வச்சுக்குவாங்க. எனக்கும் குடுப்பாங்க."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அன்னைக்குக் கோயில்ல இருந்து வர்றப்ப..."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க அண்ணா."

"ம். நீ ஒண்ணும் சொல்லல."

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் என் வழக்கப்படி மெதுவாக ஓட்டினேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அண்ணா திரும்பிப் பார்த்து, "போறியா போ" என்றார், தமிழில்.

சாயங்காலம் வீடு. சமையலறைக்குள் வந்தார். ஜன்னல் ஓரத்துப் பழங்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார், அதே இடத்தில் வைத்தார். பெரியம்மா அடுப்பில் முதுகு காட்டி நின்றிருந்தார்.

"அம்மா, கடை பக்கந்தான். நடந்தே போயிட்டு வரலாமா?"

"உனக்கு ஆபீஸ் வேல இல்லியா?"

"இல்ல."

இருவரும் நடந்து போனார்கள். கொத்தமல்லி வாங்க. வீட்டில் ஒரு கட்டு ஏற்கெனவே இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

வானிலை பார்க்கவில்லை. ரிவ்யூ.

வைஸ் பிரசிடென்ட் நரைத்த தலை, பெயர் மார்கரெட், உட்காரும்போது ஷூவைக் கழற்றிவிட்டார். அதனால் பயம் கொஞ்சம் குறைந்தது.

அண்ணா ராசாத்தியைப் பற்றிப் பேசினார். அழகாகப் பேசினார். ஆசை என்பதற்கு ஆங்கிலத்தில் சரியான வார்த்தை கிடைக்காமல் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். முடிக்கும் இடத்தில் முடிக்காமல் கொஞ்சம் நின்றார். பிறகு, "இன்னொன்று. இந்த பிரேக் அந்தக் காருக்குத்தான். செடானுக்கு இது வேண்டாம். நேற்று பின் சீட்டில் உட்கார்ந்தேன், என் வேலையால் எனக்கே குமட்டியது" என்றார். ரவி நிமிர்ந்து பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

என் முறை. நான் மார்க்கை வாபஸ் வாங்கினேன். ஏன் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, டேவ் மைக்கை என் பக்கம் நகர்த்தினார். அதோடு உட்காரலாம் என்றிருந்தேன்.

மார்கரெட்: "நீ பின் சீட் ஆள். பின் சீட்டே இல்லாத காரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? செய்யலாமா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அப்பாவின் மயில்தான் வாயில் வந்தது. ஷோ பஸ்ஸைச் சொன்னேன். கூட்டத்தைச் சொன்னேன். ஆர்டர் வந்ததைச் சொன்னேன். "அதனால் செய்யலாம். ஆனால் முதலாளி டவுன் பஸ்ஸில் வெல்வெட் சீட் போடவில்லை. அதில் கூடையோடும் குடத்தோடும் ஏறுவார்கள், அதற்கு ரெக்சின்தான் போட்டார். ஷோ பஸ் ஆளைப் பட்டறை வாசலுக்குக் கூட்டிவரும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. டவுன் பஸ், ஏறுகிறவர்களுக்காகக் கட்டுவது."

இவ்வளவும் நான்தான் பேசினேன். எழுதிப் பார்க்கும்போது நம்ப முடியவில்லை. ஆங்கிலத்தில் குடத்துக்கு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

மார்கரெட் ஏதோ எழுதிக்கொண்டார். முடிவு நாளைக்கு. வெளியே வந்ததும் கழிப்பறைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

ரவி வராந்தாவில்: "ஏய், நீ பேசுவியா?"

அக்டோபர் 10, வெள்ளி

வெயில், காற்று. மதியம் மெயில்.

செடானுக்கு மெதுவான பிடி அடுத்த அப்டேட்டில் திரும்ப வரும். பின் சீட் சோதனைக்கு இனிமேல் தலை சுற்றுகிறவர்களையும் சேர்க்க வேண்டும், ஆள் தேர்வு என் பொறுப்பு. (ஆபீஸ் முழுக்கப் போய், உங்களுக்கு வாந்தி வருமா என்று கேட்க வேண்டும். நான். கடவுளே.)

ஸ்போர்ட்ஸ் கார்: இப்போதைக்கு இல்லை. சந்தை நிலவரம், அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம். நாங்கள் பேசினதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டேவ் தனியாக வந்து சொன்னார், இந்த வாரத்துக்கு முன்பே தீர்மானமான விஷயமாம். அப்படியானால் எதற்குக் கேட்டார்கள்? கேட்கவில்லை நான்.

அண்ணா மேஜையில் இல்லை. எங்கே இருப்பார் என்று தெரியும். கீழ்த்தளத்துக்குப் போனேன். ராசாத்தி மேல் சாம்பல் நிற உறை போட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மூடிட்டாங்க."

"அடுத்த வருஷம்னு போட்டிருக்காங்களே அண்ணா."

"ம்."

நானும் நின்றேன். உறையின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. குனிந்து சரி செய்தார், போர்வையை இழுத்துவிடுவது போல.

"எப்படியும் இவளுக்குப் பின் சீட் இல்ல செல்வி," என்றார். "அம்மாவ ஏத்தியிருக்க முடியாது." சிரிக்க முயற்சி செய்தார். சரியாக வரவில்லை. அவர் ஆசை சின்ன ஆசை இல்லை. அது தப்பும் இல்லை. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். இங்கேதான் எழுதுகிறேன்.

வீட்டில் பெரியம்மா என்னைத் தனியாகப் பிடித்தார். "சொல்லிப்போட்டியா?"

"இல்லீங்க பெரியம்மா."

"பின்ன அவன் ஏன் தெனம் நடக்கக் கூப்புடறான்?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பாரு."

என் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஆமாமா, தொப்ப போட்டுருச்சு" என்றார்.

டிக்கெட் பற்றி யாரும் பேசவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல வெயில். காணாமல் போன சாக்ஸ் இனியாவின் பொம்மைக்குத் தொப்பியாகக் கிடைத்தது.

இந்தியன் கடைக்கு எல்லோரும். அண்ணா கார் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு. உன் கால்தான் ஸ்லோ."

நித்யா அக்கா முன்னால் என் பக்கத்தில். பின்னால் பெரியம்மா நடுவில், ஒரு பக்கம் இனியா, மறுபக்கம் அண்ணா. வேண்டும் என்றே வந்து உட்கார்ந்தார்.

"உன்ற காரு, நீ ஓட்டாம எதுக்குடா பின்னாடி வந்து இடிச்சுக்கிட்டு?"

"எனக்கு இங்கதான் வேணும்."

மெதுவாக ஓட்டினேன். காலைச் சட்டென்று எடுக்கவே இல்லை, தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துகிற மாதிரி மெல்ல மெல்ல. அப்படியும் கடைக்குப் பக்கத்தில் ஒரே நெரிசல். நின்று, நகர்ந்து, நின்று.

"செல்வி," என்று பின்னாலிருந்து அண்ணா குரல், சுருதி இறங்கி. "இன்னும் கொஞ்சம் மெதுவா."

"டிரைவர்ட்டப் பேச்சுக் குடுக்காதடா," என்றார் பெரியம்மா.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தார். சுருக்குப் பையைத் திறந்தார், ஒரு எலுமிச்சையை எடுத்தார், நகத்தால் நன்றாகக் கீறினார். மகன் கையில் வைத்தார். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இனியா: "வாட் இஸ் தட்? கேன் ஐ ஹேவ் ஒன்?"

அவளுக்கும் ஒன்று.

நித்யா அக்கா என்னைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று புருவத்தைத் தூக்கினார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பார்க்கிங்கில் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தபோது பெரியம்மா முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டார்.

"ஏங்கண்ணு, தீபாவளிக்கு எண்ணெ தேய்க்கோணுமே. நல்லெண்ணெ இந்தக் கடையில கெடைக்குமா, இல்ல வேற எங்கயாச்சும் போவோணுமா?"